அப்பாச்சி வழியாகப் போனால் 503, நேராக 8080-இல் போனால் வேலை செய்கிறது: புதிய கணினியில் டாம்கேட் இணைப்பு

தம்புசெட்டித்தெரு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் கணினிப் பொறுப்பு என்னுடையது. திருவொற்றியூரில் எங்களுக்குச் சிறிய கன்டெய்னர் யார்டு ஒன்று இருக்கிறது. டிரெய்லர் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் வண்டி எண், கன்டெய்னர் எண், ஓட்டுநர் பெயர் ஆகியவற்றை வாசலில் பதிவுசெய்ய ஒரு ஜாவா செயலி வைத்திருக்கிறோம். அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை.

பழைய கணினியில் செயலியை ஓட்டும் டாம்கேட் 7, முன்னால் பிரவுசரின் கோரிக்கையை வாங்கும் வெப் சர்வர் அப்பாச்சி, இரண்டையும் இணைக்க நடுவில் மாட்_ஜேகே என்று பல வருடங்களாக ஓடியது. அந்தக் கணினியின் வட்டு சத்தம் போட ஆரம்பித்ததால் புதியது வாங்கி, உபுண்டு 22.04 போட்டு, அதன் களஞ்சியத்தில் இருக்கும் டாம்கேட் 9-ஐயும் அப்பாச்சி 2.4-ஐயும் நிறுவியிருக்கிறேன். மாட்_ஜேகேவை விட்டுவிட்டு, இணையத்தில் பார்த்தபடி, கோரிக்கைகளை ஏஜேபி என்ற நெறிமுறையில் டாம்கேட்டுக்குக் கடத்தும் ப்ராக்ஸி_ஏஜேபி மாட்யூலை அப்பாச்சியில் இயக்கி, எந்தப் பாதையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸிபாஸ் வரியில் ஏஜேபி 127.0.0.1, போர்ட் 8009 என்று கொடுத்தேன். டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில், அந்தப் போர்ட்டில் கேட்க வேண்டிய ஏஜேபி கனெக்டர் செயல்படாத குறிப்புக்குள் (கமென்ட்) அடைபட்டிருந்தது. அதையும் திறந்துவிட்டேன்.

8080-இல் நேராகப் போனால் உள்நுழைவுப் பக்கம் வருகிறது. அப்பாச்சி வழியாகப் போனால் 503, சேவை கிடைக்கவில்லை என்கிறது. இரண்டையும் நிறுத்தித் தொடங்கிப் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. வாசலில் இப்போது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் வண்டிகள் தேங்கினால் அந்த வரிசை எங்கள் யார்டு வாசல் வரை அழுத்தும் என்பது இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டைகேட் எழுதியது:

அக்கா, ப்ராக்ஸி மாட்யூலும் ப்ராக்ஸி_ஏஜேபி மாட்யூலும் இரண்டுமே இயங்குகின்றனவா? ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

மாட்யூல் இல்லாவிட்டால் 503 வராது, தம்பி. 500 வரும். அப்பாச்சி தன் செயல்களை எழுதிவைக்கும் லாகில் ஏஹெச்01144 என்ற எண்ணோடு, இந்த முகவரிக்கு ஏற்ற புரோட்டோகால் ஹேண்ட்லர் இல்லை என்ற செய்தி இருக்கும். 503 என்றால் அப்பாச்சிக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, போன இடத்தில் கதவு திறக்கவில்லை என்று பொருள். இந்த வேறுபாட்டை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டால் பாதித் தேடல் குறையும்.

அம்மா, எதையும் மாற்றாமல் மூன்றைப் பார்த்து இங்கே இடுங்கள். முதலாவது, அப்பாச்சியின் எரர் லாகில் அந்த 503 வந்த நொடியில் எழுதப்பட்ட வரிகள். இரண்டாவது, எஸ்எஸ் கட்டளையை -எல்டிஎன்பி விருப்பத்தோடு ஓட்டினால் எந்த முகவரியில் எந்த போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியும், அந்தப் பட்டியல். மூன்றாவது, டாம்கேட் தொடங்கும்போது எழுதும் லாகில் எச்சரிக்கை, பிழை என்று குறிக்கப்பட்ட வரிகள்.

நிறுத்தித் தொடங்குவது சோதனை ஆகாது. அதனால் நமக்குப் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை.

தம்புசெட்டித்தெரு எழுதியது:

நன்றி ஐயா. அப்பாச்சி லாகில் இப்படி இருக்கிறது: (111) கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு, ஏஹெச்00957, ஏஜேபி, 127.0.0.1:8009 இணைப்பு முயற்சி தோல்வி. அதற்கு அடுத்த வரி ஏஹெச்00959, வொர்க்கரை, அதாவது டாம்கேட்டுக்கான அந்த இணைப்பை, 60 நொடிகளுக்கு முடக்குவதாகச் சொல்கிறது.

எஸ்எஸ் பட்டியலில் 80, 8080 இரண்டும் இருக்கின்றன. 8009 எங்குமே இல்லை.

டாம்கேட் லாகில் நீண்ட சிவப்பு வரிகளுக்கு நடுவே, ஏஜேபி கனெக்டரில் சீக்ரெட்ரிக்வயர்ட் ட்ரூ என்று இருக்கிறது, ஆனால் சீக்ரெட் வெறுமையாக இருக்கிறது, இந்தச் சேர்க்கை செல்லாது என்று எழுதியிருக்கிறது. சீக்ரெட் என்ற ஒன்றை நான் எங்கும் எழுதவே இல்லையே?

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

எழுதாததுதான் காரணம். 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. அதன் பதிவு எண் சிவிஇ-2020-1938. அதுவரை டாம்கேட்டை நிறுவினால் ஏஜேபி கனெக்டர் தானாகவே இயங்கும், அதுவும் கணினியின் எல்லா முகவரிகளிலும் 8009-இல் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியாள் ஒருவர் அந்தப் போர்ட்டைத் தொட முடிந்தால், செயலிக்குள் இருக்கும் கோப்புகளை, டேட்டாபேஸ் கடவுச்சொல் எழுதப்பட்ட கோப்பு உட்பட, படித்துவிடலாம். கோப்பு ஏற்றும் வசதி செயலியில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதற்குப் பிறகு வந்த 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளிலிருந்து மூன்று மாற்றங்கள். ஏஜேபி கனெக்டர் முன்னிருப்பாக மூடப்பட்டிருக்கும். திறந்தாலும் அதே கணினிக்குள் மட்டுமே கேட்கும். ரகசியச் சொல் கொடுக்காவிட்டால் அந்தக் கனெக்டர் தொடங்கவே தொடங்காது. மற்ற கனெக்டர்கள் வழக்கம்போல ஓடும். அதனால்தான் 8080 உங்களுக்கு வேலை செய்கிறது.

நீங்கள் பார்த்த வழிகாட்டி 2020-க்கு முன்னால் எழுதப்பட்டதாக இருக்கும். டாம்கேட் பற்றித் தேடும்போது பக்கத்தின் தேதியை முதலில் பாருங்கள்.

கனெக்டரில் சீக்ரெட் என்று ஒரு நீண்ட சொல் கொடுங்கள். அதே சொல்லை அப்பாச்சியின் ப்ராக்ஸிபாஸ் வரியின் கடைசியிலும் சீக்ரெட் என்று கொடுங்கள். அப்பாச்சியில் இந்த வசதி 2.4.42 முதல்தான் உண்டு. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.4.52, கவலையில்லை. அந்தச் சொல் இப்போது இரண்டு கோப்புகளில் இருக்கிறது, இரண்டையும் எல்லோரும் படிக்க முடியாதபடி அனுமதியைக் குறைத்துவிடுங்கள்.

சீக்ரெட்ரிக்வயர்டை ஃபால்ஸ் ஆக்கிவிடு, வேலை முடிந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எண்ணூர்உப்பளம் எழுதியது:

இவ்வளவு எதற்கு? ஏஜேபியை மூடியே வையுங்கள். ப்ராக்ஸி_எச்டிடிபி மாட்யூலைப் போட்டு 8080-க்கு அனுப்புங்கள். ஏற்கெனவே வேலை செய்யும் கதவு இருக்கும்போது அடைத்த கதவை ஏன் உடைக்க வேண்டும்?

தம்புசெட்டித்தெரு எழுதியது:

சீக்ரெட் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டேன். டாம்கேட் லாகில் பிழை போய்விட்டது. எஸ்எஸ் பட்டியலில் 8009 வந்துவிட்டது. ஆனால் அப்பாச்சியில் அதே 503, லாகில் அதே (111). போர்ட் திறந்திருக்கும்போது எப்படி மறுக்கப்படுகிறது?

கொருக்குப்பேட்டைகேட் எழுதியது:

அக்கா, 8009 எந்த முகவரிக்கு எதிரே இருக்கிறது என்று அப்படியே ஒட்டுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இரட்டைப் புள்ளிகளும் 1-ம் இருக்கின்றனவா?

தம்புசெட்டித்தெரு எழுதியது:

ஆமாம் தம்பி. [::1]:8009 என்று இருக்கிறது.

கொருக்குப்பேட்டைகேட் எழுதியது:

அதுதான். சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்போடு வரும் மாதிரிக் கனெக்டரில் அட்ரஸ் என்ற இடத்தில் ::1 என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஐபிவி6 லூப்பேக், கணினி தன்னைத்தானே கூப்பிடும் முகவரி. நீங்கள் அப்பாச்சியில் கொடுத்திருப்பது 127.0.0.1, ஐபிவி4 லூப்பேக். இரண்டும் இதே கணினியைத்தான் குறிக்கின்றன, ஆனால் இரண்டு தனி முகவரிகள். ஒன்றில் கேட்பவருக்கு மற்றொன்றில் கூப்பிட்டால் கேட்காது. அட்ரஸை 127.0.0.1 என்று மாற்றிவிட்டு டாம்கேட்டை மட்டும் மறுபடி தொடங்குங்கள்.

மாற்றிய பிறகு எஸ்எஸ் பட்டியலில் [::ffff:127.0.0.1]:8009 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஜாவா திறக்கும் போர்ட் அப்படித்தான் காட்டப்படும், அது 127.0.0.1-தான்.

கல்லூரியில் செய்முறை வகுப்பில் எங்கள் குழு முழுவதும் இதே இடத்தில் ஒரு மாலை முழுக்க நின்றது. அதனால்தான் பார்த்தவுடன் கேட்டேன்.

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

தம்பி சொன்னது சரி. அதோடு அந்த 60 நொடியையும் கவனியுங்கள். ஒருமுறை இணைப்பு தோற்றால், அப்பாச்சி அந்த வொர்க்கரை ஒரு நிமிடம் ஒதுக்கி வைக்கும். அந்த நிமிடத்துக்குள் நீங்கள் டாம்கேட்டைச் சரிசெய்திருந்தாலும், அப்பாச்சி முயன்றே பார்க்காமல் 503 கொடுக்கும். சரியாகச் செய்த மாற்றத்தைப் பயனில்லை என்று நினைத்துத் திரும்ப எடுத்துவிடுபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். சோதனை முடியும் வரை ப்ராக்ஸிபாஸ் வரியில் ரீட்ரை=0 என்று போட்டு வையுங்கள்.

மின்சாரம் போய் வந்தபின் ஒரு நிமிடம் 503 காட்டிவிட்டுத் தானாகச் சரியாவதும் இதனால்தான். அப்பாச்சி உடனே எழுந்துவிடும், டாம்கேட் செயலியை விரித்து எழ நேரம் எடுக்கும்.

தம்புசெட்டித்தெரு எழுதியது:

வந்துவிட்டது! உள்நுழைவுப் பக்கம் அப்பாச்சி வழியாக வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.

ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் மறுபடி உள்நுழைவுப் பக்கமே வருகிறது. தப்பான கடவுச்சொல் என்றும் சொல்வதில்லை. 8080-இல் அதே பெயரும் சொல்லும் உள்ளே விடுகின்றன. பக்கத்தில் படங்களும் நிறமும்கூட வரவில்லை, வெறும் எழுத்தாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய கணினியில் முகவரியின் கடைசியில் யார்டு என்று தட்ட வேண்டியிருந்தது. வாசலில் இருப்பவர்கள் அதை அடிக்கடி மறந்தார்கள். அதனால் இந்த முறை வெறும் முகவரி தட்டினாலே செயலி வரும்படி, முன்னால் / என்பதைப் பின்னால் /யார்டு/ என்று ப்ராக்ஸிபாஸில் கொடுத்திருக்கிறேன்.

பெரம்பூர்லோகோ எழுதியது:

நான் ஜாவா எழுதுகிறவன், இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இந்த இடம் என்னுடையது.

டாம்கேட்டைப் பொறுத்தவரை உங்கள் செயலி /யார்டு என்ற பாதையில் இருக்கிறது. உள்நுழைந்தவுடன், உங்களை அடையாளம் காண அது கொடுக்கும் செஷன் குக்கியில், இதன் பாதை /யார்டு என்று எழுதி அனுப்புகிறது. பிரவுசரோ வெறும் / என்ற இடத்தில் நிற்கிறது. குக்கியின் பாதை பொருந்தாததால் அடுத்த கோரிக்கையில் அது குக்கியைத் திருப்பி அனுப்புவதில்லை. டாம்கேட் உங்களை முன்பின் தெரியாதவராகப் பார்த்து மறுபடி உள்நுழையச் சொல்கிறது. கடவுச்சொல் ஏற்கப்பட்டது, ஆனால் அடுத்த நொடியே மறக்கப்பட்டது.

நிறம் வராததும் அதே வேர்தான். செயலி தன் பக்கத்தில் இணைப்புகளை /யார்டு/ என்று தொடங்கி எழுதுகிறது. அது அப்பாச்சிக்கு வரும்போது முன்னால் இன்னொரு /யார்டு சேர்கிறது. /யார்டு/யார்டு/ என்ற பாதை டாம்கேட்டில் இல்லை, 404.

ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ்குக்கிபாத் என்று ஒரு வரி இருக்கிறது, குக்கியின் பாதையை மாற்றி எழுதும். உள்நுழைவு அதனால் சரியாகும். ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ் வரி, டாம்கேட் திருப்பிவிடும் முகவரியை மாற்றி எழுதும். ஆனால் இரண்டுமே பதிலோடு வரும் தலைப்புகளைத்தான் (ஹெடர்) தொடும். பக்கத்தின் உள்ளே எழுதப்பட்ட இணைப்புகளை எதுவும் தொடாது. ஆகவே முன்பாதையும் பின்பாதையும் வேறாக இருக்கும் அமைப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று எங்காவது உடைந்திருக்கும், அது மாதக்கடைசியில் ஏதோ ஓர் அறிக்கையில்தான் தெரியவரும்.

இரண்டு நேர்மையான வழிகள். செயலி மொத்தமும் அடங்கிய வார் கோப்பின் பெயரை ரூட் என்று, முழுவதும் பெரிய எழுத்தில், மாற்றி வைத்தால் செயலி / என்ற பாதைக்கே வந்துவிடும். அல்லது இரண்டு பக்கமும் /யார்டு என்றே வைத்துக்கொண்டு, வெறும் / என்று வருபவர்களை மட்டும் ரீடைரெக்ட்மேட்ச் வரியால் /யார்டு/ பக்கம் திருப்பிவிடுங்கள். எழுதியவர் தொடர்பில் இல்லாத செயலிக்கு இரண்டாவது வழிதான் நல்லது. உள்ளே எங்காவது /யார்டு என்று நேராக எழுதி வைத்திருந்தாலும் உடையாது.

ப்ராக்ஸிபாஸில் முன்னால் சாய்கோட்டோடு முடித்தால் பின்னாலும் சாய்கோட்டோடு முடியுங்கள். ஒன்றில் வைத்து ஒன்றில் விட்டால் பாதைகள் ஒட்டிக்கொள்ளும்.

தம்புசெட்டித்தெரு எழுதியது:

இரண்டாவது வழியைச் செய்தேன். உள்நுழைய முடிகிறது, நிறம் வந்துவிட்டது. வாசலில் பதிவு தொடங்கிவிட்டார்கள்.

இன்னும் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. கேட் பாஸ் அச்சிடும்போது பிழை வருகிறது. செயலி அந்தப் பிடிஎஃப் கோப்பை /டேட்டா/கேட்பாஸ் என்ற அடைவில் எழுதும். அடைவின் உரிமையை டாம்கேட் பயனருக்குக் கொடுத்துவிட்டேன், அனுமதி 777 கூட வைத்துப் பார்த்தேன். எழுத மறுக்கிறது.

இன்னொன்று, ஓட்டுநர் பெயரைத் தமிழில் பதிவுசெய்தால் சரியாகச் சேமிக்கிறது. ஆனால் அதே பெயரைத் தேடுபெட்டியில் தட்டித் தேடினால் எல்லாம் கேள்விக்குறியாக மாறி, ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது. பழைய கணினியில் இப்படி இல்லை. எங்கள் ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் பெயர் எழுதினால் மூன்று விதமாக எழுதுவார்கள், அதனால்தான் தமிழில் வைத்தோம்.

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

777-ஐ உடனே பழையபடி குறையுங்கள், அம்மா. டாம்கேட் லாகில் பிழையின் சரியான வாசகத்தைப் பாருங்கள். அனுமதி மறுப்பு என்று இருக்காது. படிக்க மட்டுமான கோப்பு அமைப்பு, ரீட்-ஒன்லி என்று இருக்கும்.

டெபியன், உபுண்டு இரண்டிலும் களஞ்சியத்தின் டாம்கேட் 9-ஐ, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுகிறது. வெப்ஆப்ஸ் அடைவு, லாக் அடைவு போன்ற சில இடங்களைத் தவிர மற்றக் கோப்பு அமைப்பு முழுவதும் அதன் கண்ணுக்குப் படிக்க மட்டுமே. எந்த அனுமதி எண்ணும் இதை மாற்றாது. சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9 என்று கொடுத்து, திறக்கும் கோப்பில் சர்வீஸ் என்ற தலைப்பின் கீழ் ரீட்ரைட்பாத்ஸ்=/டேட்டா/கேட்பாஸ் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள். சர்வீஸ் கோப்பையே நேராகத் திருத்தாதீர்கள், அடுத்த மேம்படுத்தலில் உங்கள் திருத்தம் போய்விடும்.

வேலியை மொத்தமாக அகற்றச் சொல்லும் யோசனைகளும் உலவுகின்றன. வேண்டிய ஓர் அடைவை மட்டும் திறந்தால் போதும்.

பெரம்பூர்லோகோ எழுதியது:

தமிழ்ப் பெயர் விஷயத்தை விரிவாக எழுதுகிறேன். தமிழில் செயலி வைத்திருக்கும் பலருக்கும் டாம்கேட் 7-இலிருந்து ஏறும்போது இது வரும்.

தேடுபெட்டி கெட் முறையில் போகிறது, அதாவது பெயர் முகவரி வரியிலேயே செல்கிறது. பதிவுப் படிவம் போஸ்ட் முறையில், கோரிக்கையின் உடலில் செல்கிறது. இரண்டையும் டாம்கேட் தனித்தனியாக எழுத்துக்களாக மாற்றுகிறது.

டாம்கேட் 7 வரை முகவரி வரியை ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குறியீடாக எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால் அந்தக் காலத்தில் தமிழ் எழுதியவர்கள் பலரும் ஒரு சுற்றுவழி வைத்திருந்தார்கள்: வந்த சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாகத் திரும்பப் பிரித்து, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்-8 என்று மறுபடி சேர்ப்பது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் செயலியிலும் அந்த வரி இருக்கும்.

டாம்கேட் 8 முதல் முகவரி வரியின் முன்னிருப்பு யுடிஎஃப்-8. எழுத்து சரியாகவே உள்ளே வருகிறது. சரியாக வந்த தமிழ் எழுத்தை அந்தப் பழைய வரி ஐஎஸ்ஓ-8859-1 பைட்டாக மாற்றப் பார்க்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இல்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போடுகிறது. போஸ்ட் முறைக்கு டாம்கேட் 9-இலும் பழைய முன்னிருப்பே தொடர்வதால், அங்கே சுற்றுவழி இன்றும் சரியாக வேலை செய்கிறது. நீங்கள் சொன்ன வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான்.

இன்றைக்கே தேடல் வேண்டுமானால், ஏஜேபி கனெக்டரில் யுஆர்ஐஎன்கோடிங் என்ற பண்பை ஐஎஸ்ஓ-8859-1 என்று வையுங்கள், பழைய நடத்தை திரும்பிவிடும். கவனம், இந்தப் பண்பு கனெக்டருக்குக் கனெக்டர் தனி. 8080 கனெக்டரில் வைத்துவிட்டு ஏஜேபி வழியாகச் சோதித்தால் எதுவும் மாறாது.

நிரந்தரத் தீர்வு நிரலைத் திருத்துவதுதான். மூலநிரல் உங்களிடம் இருந்தால், வெப்.எக்ஸ்எம்எல்-இல் ரெக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சேர்த்துவிட்டு, அந்தச் சுற்றுவழி வரிகள் எல்லாவற்றையும், கனெக்டரில் வைத்த யுஆர்ஐஎன்கோடிங் பண்பையும் நீக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். சேர்ப்பதை மட்டும் செய்து நீக்காமல் விட்டால் இப்போது சரியாக இருக்கும் பதிவும் கேள்விக்குறியாகி, அது டேட்டாபேஸிலேயே சேமிக்கப்பட்டுவிடும். கேள்விக்குறியாகச் சேர்ந்த பெயரை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

தம்புசெட்டித்தெரு எழுதியது:

கேட் பாஸ் அச்சாகிறது. தேடலுக்கு இப்போதைக்குப் பண்பை மாற்றினேன், பெயர்கள் கிடைக்கின்றன. மூலநிரல் பழைய கணினியின் வட்டில் இருக்கிறது. வட்டு முழுதாக நிற்பதற்குள் எடுத்துவிடுகிறேன்.

எண்ணூர்உப்பளம் அவர்களே, நீங்கள் சொன்ன எச்டிடிபி வழியையும் யோசிக்கிறேன். அடுத்த மாதம் இதற்குச் சான்றிதழ் வாங்கி எச்டிடிபிஎஸ் ஆக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதை நிரந்தரமாக வைத்துக்கொள்வது?

எண்ணூர்உப்பளம் எழுதியது:

எச்டிடிபிதான். ஏன் என்று சொல்கிறேன்.

ஏஜேபி பைனரி நெறிமுறை. நடுவில் என்ன போகிறது என்று, ஒரு முகவரியைத் திரையிலிருந்தே கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளையால் கேட்டுப் பார்க்க முடியாது. இந்த இழையையே பாருங்கள், 8080 வேலை செய்கிறது என்ற தகவல் 8009 பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை. எச்டிடிபி வழியில் அப்பாச்சி தட்டும் அதே கதவை நீங்களும் கர்ல் கொண்டு தட்டிப் பார்க்கலாம். இரவில் யார்டிலிருந்து அழைப்பு வரும்போது இந்த ஒரு வசதிக்கு ஈடே கிடையாது.

இன்னொன்று, ஏஜேபியில் மறையாக்கம் இல்லை. நாளைக்கு அப்பாச்சி மண்ணடியிலும் டாம்கேட் திருவொற்றியூரிலும் என்று பிரித்தால், ஓட்டுநர் பெயரும் கடவுச்சொல்லும் நடுவில் வெறுமையாகப் போகும். எச்டிடிபியாக இருந்தால் பின்பக்க இணைப்பையும் எச்டிடிபிஎஸ் ஆக்கிவிடலாம்.

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

இரண்டாவது காரணத்தை ஏற்கிறேன். ஒரே கணினிக்குள் 127.0.0.1-இல் சீக்ரெட்டோடு ஓடும் ஏஜேபியை ஆபத்து என்று சொல்வதை ஏற்கமாட்டேன். ஏஜேபிக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. வந்தவரின் உண்மையான ஐபி முகவரி, அவர் எச்டிடிபிஎஸ் வழியாக வந்தாரா என்பது, அவர் தட்டிய ஹோஸ்ட் பெயர் எல்லாம் நெறிமுறையிலேயே டாம்கேட்டுக்குப் போய்விடுகின்றன. எச்டிடிபியில் இவை ஒவ்வொன்றையும் நாம் கையால் அனுப்பி, கையால் வாங்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் வேறு விதமான தொல்லை வரும். அதைச் சொல்லாமல் மாறச் சொல்வது சரியில்லை.

எண்ணூர்உப்பளம் எழுதியது:

சொல்கிறேன் ஐயா, மறைக்க எதுவுமில்லை.

அப்பாச்சியில் ப்ராக்ஸிப்ரிசர்வ்ஹோஸ்ட் ஆன் என்று வையுங்கள். இல்லாவிட்டால் டாம்கேட் தன்னை 127.0.0.1:8080 என்றே நினைத்துக்கொள்ளும். ஹெடர்ஸ் மாட்யூலை இயக்கி, எச்டிடிபிஎஸ் பகுதிக்குள் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற தலைப்பை எச்டிடிபிஎஸ் என்று வைத்து அனுப்புங்கள். டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல்-இல் ரிமோட்ஐபிவால்வ் சேர்த்து, அதில் புரோட்டோகால்ஹெடர் என்ற பண்பில் அந்தத் தலைப்பின் பெயரை எழுதுங்கள். இது இல்லாவிட்டால், வந்தவர் எச்டிடிபிஎஸ்-இல் இருந்தாலும் டாம்கேட் அவர் எச்டிடிபியில் வந்ததாகவே நினைக்கும். செயலி எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று கேட்டால், ஏற்கெனவே அங்கே இருப்பவரையே மறுபடி எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பும். பிரவுசர் சுற்றிச் சுற்றி வந்து, அளவுக்கு மீறிய திருப்பங்கள் என்று நின்றுவிடும்.

டாம்கேட்டின் ஆக்சஸ் லாகில் எல்லா வரியிலும் 127.0.0.1 என்று வரும். யார் எந்த வாசலில் இருந்து பதிவு செய்தார் என்பது உங்களுக்கு முக்கியம். ஆக்சஸ்லாக்வால்வில் ரெக்வெஸ்ட்ஆட்ரிபியூட்ஸ்எனேபிள்ட் ட்ரூ என்று வைத்தால் உண்மையான முகவரி வரும்.

8080 கனெக்டருக்கும் அட்ரஸ் 127.0.0.1 கொடுங்கள். அலுவலகத்தில் யாரும் அப்பாச்சியைத் தாண்டி நேராக உள்ளே வரக்கூடாது. யுஆர்ஐஎன்கோடிங் பண்பையும் இந்தப் பக்கம் கொண்டுவர மறக்காதீர்கள், பெரம்பூர் நண்பர் சொன்னது போல அது கனெக்டருக்குத் தனி.

தம்புசெட்டித்தெரு எழுதியது:

ஐயா சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் சேர்த்து முடிவு செய்திருக்கிறேன். சான்றிதழ் வரும் வரை ஏஜேபி ஓடட்டும். சான்றிதழ் போடும் ஞாயிற்றுக்கிழமை, யார்டில் வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில், எச்டிடிபிக்கு மாறுகிறேன். இரவில் அழைப்பு வந்தால் எடுப்பது நான் ஒருத்திதான், கர்லால் சோதிக்க முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கடைசியாக ஒன்று. மாதாந்திர அறிக்கை எடுக்கும்போது ஒரு நிமிடம் சுற்றிவிட்டுப் பிழை வருகிறது. அறிக்கை பெரியது, பழைய கணினியில் பொறுமையாக நின்றால் வந்துவிடும்.

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

அந்த ஒரு நிமிடம் அப்பாச்சியின் டைம்அவுட்டாக இருக்கும், உங்கள் அமைப்புக் கோப்பில் அது 60 நொடி என்று இருக்கிறதா பாருங்கள். ப்ராக்ஸிக்குத் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அதுவே பொருந்தும். லாகில் (70007), குறித்த நேரம் கடந்துவிட்டது என்று இருக்கும். ப்ராக்ஸிபாஸ் வரியில் டைம்அவுட்=300 என்று கொடுத்தால் அறிக்கை வரும். ஆனால் அறிக்கைப் பாதைக்கு மட்டும் தனி ப்ராக்ஸிபாஸ் வரி எழுதி, அதற்கு மட்டும் நீண்ட நேரம் கொடுங்கள். வரிகள் மேலிருந்து கீழாகப் பொருத்தப்படும் என்பதால் அந்தக் குறிப்பான வரி பொதுவான வரிக்கு மேலே இருக்க வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தால், டேட்டாபேஸ் ஒருநாள் தொங்கும்போது ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் டாம்கேட்டின் 200 த்ரெட்களும் ஒவ்வொன்றாக நிரம்பி, வாசல் பதிவும் சேர்ந்து நின்றுவிடும்.

மணலிபுதுநகர் எழுதியது:

இந்த இழையைப் படித்துத்தான் எங்கள் பட்டறையில் இதே அமைப்பைச் செய்தேன். ஆனால் எங்களிடம் ராக்கி லினக்ஸ். 8080 நேராக வருகிறது. அட்ரஸ் 127.0.0.1, எஸ்எஸ் பட்டியலிலும் அதுவே. கர்ல் கொண்டு அதே கணினியில் கேட்டால் பக்கம் வருகிறது. அப்பாச்சி வழியாக மட்டும் 503. லாகில் (111) இல்லை, (13) பெர்மிஷன் டினைடு என்று இருக்கிறது.

கொருக்குப்பேட்டைகேட் எழுதியது:

அண்ணா, (111) என்றால் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. (13) என்றால் உங்கள் பக்கத்திலேயே அப்பாச்சியைப் புறப்பட விடவில்லை. செலினக்ஸ் என்ற லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கின் வேலை அது. வெப் சர்வர் பிற போர்ட்களுக்கு இணைப்பு ஏற்படுத்த முன்னிருப்பாக அனுமதி கிடையாது. கர்லை நீங்கள் உங்கள் பயனராக ஓட்டுகிறீர்கள், அந்தத் தடை அதற்கு இல்லை. செட்எஸ்இபூல் கட்டளையால் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்பதை ஆன் ஆக்குங்கள்.

ராயபுரம்மணிக்கூண்டு எழுதியது:

அந்தக் கட்டளையில் -பி விருப்பத்தைப் பெரிய எழுத்தில் சேருங்கள். சேர்க்காவிட்டால் கணினியை அணைத்துப் போட்டவுடன் அனுமதி போய்விடும், மறுபடி 503 வரும். செலினக்ஸை அணைத்துவிட வேண்டாம்.